ஒரு ‘என்’ எழுத்து எதைச் சரிசெய்தது?

“எஸ்பிரிண்ட்எஃப் ஆபத்தானது, எஸ்என்பிரிண்ட்எஃப் பாதுகாப்பானது. பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது, சரிதானே?” சி மொழி படிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. கேள்வி என்றுகூடச் சொல்ல முடியாது, பலருக்கு இது முடிந்துபோன விஷயம். முதல் பாதியில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாம் பாதி தவறு என்பதுதான் இன்றைய காணொளியின் வாதம். 2024 ஜனவரி 30 அன்று, லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றின் அடித்தளமாக இருக்கும் குனு சி லைப்ரரியில் ஓர் ஓட்டை வெளியே வந்தது. அதில் ஒதுக்கிய இடத்தின் எல்லையைத் தாண்டி எழுதிய ஃபங்ஷன் எஸ்பிரிண்ட்எஃப் இல்லை. ‘பாதுகாப்பான’ எஸ்என்பிரிண்ட்எஃப். அங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கணினிக்குள் 250 என்ற எண் இருக்கும் வடிவம் வேறு, திரையில் நாம் படிக்கும் 2, 5, 0 என்ற மூன்று எழுத்துகள் வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றி, நடுவில் சில சொற்களையும் கோத்து, ‘விலை 250 ரூபாய்’ என்று ஒரு வரியாக்குவதுதான் ஃபார்மட் செய்வது. 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்கு வந்த ஃபோர்ட்ரானிலேயே இதற்கென்று தனி ஃபார்மட் கட்டளை இருந்தது. அதில் ஒரு சொல்லை அச்சடிக்க வேண்டுமென்றால், அந்தச் சொல்லில் எத்தனை எழுத்து என்று கையால் எண்ணி, அந்த எண்ணை எழுதி, ‘எச்’ போட்டு, பிறகுதான் சொல்லை எழுத வேண்டும். ஓர் எழுத்து தப்பாக எண்ணினால் வரியே கெட்டுப்போகும். எண்ணும் வேலையை மனிதன் தலையில் வைக்கும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. 1967-இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் மொழியின் ரைட்எஃப், வாக்கியத்துக்கு நடுவே சதவீதக்குறி போட்டு ‘இங்கே ஓர் எண் வரும்’ என்று காட்டும் முறையைத் தந்தது. கென் தாம்சனின் பி மொழியில் அது பிரிண்ட்எஃப் ஆனது. பெல் லேப்ஸில் மைக் லெஸ்க் எழுதிய உள்ளீடு-வெளியீட்டு லைப்ரரி வளர்ந்து 1979-இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் நிலைபெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி புத்தகத்திலேயே எஸ்பிரிண்ட்எஃப் இருக்கிறது. பிரிண்ட்எஃப் திரைக்கு அனுப்புவதை, எஸ்பிரிண்ட்எஃப் மெமரியில் நாம் காட்டும் இடத்தில் எழுதிவைக்கும். அந்த இடம்தான் பஃபர்.

பஃபர் எங்கே தொடங்குகிறது என்று எஸ்பிரிண்ட்எஃப்பிடம் சொல்லலாம். எங்கே முடிகிறது என்று சொல்ல வழியே இல்லை. இதைச் சொன்னதும் ‘அந்தக் காலத்து ஆட்கள் அலட்சியமாக இருந்தார்கள்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. பிடிபி-11 கணினியில் முழு எண்ணுக்கு 16 பிட். அதில் மிக நீளமாக எழுதக்கூடிய எண் கழித்தல்குறியோடு 32768, ஆக ஆறு எழுத்து. ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்டும் பூஜ்ய பைட்டையும் சேர்த்தால் ஏழு. ஏழு பைட் ஒதுக்கியவர் அலட்சியக்காரர் இல்லை, சரியாகக் கணக்குப் போட்டவர். அதே நிரலை 32 பிட் கணினிக்குக் கொண்டுபோனால் பன்னிரண்டு பைட் வேண்டும். 64 பிட் எண் என்றால் இருபத்தொன்று. நிரலில் ஒரு வரியும் மாறவில்லை, ஆனால் சரியாக இருந்தது தவறாகிவிட்டது. ஏனென்றால் அந்த ‘ஏழு’ எழுதியவரின் தலைக்குள் இருந்ததே தவிர, ஃபங்ஷனின் காதுக்குப் போகவே இல்லை. இது எண்ணுக்கான கணக்கு. எண்ணுக்குப் பதில் யாரோ தட்டச்சு செய்த பெயர் வந்தால் முன்கூட்டிக் கணக்குப் போடவே முடியாது.

இதன் விலை என்ன என்பதை உலகம் முதலில் பெரிய அளவில் பார்த்தது 1988 நவம்பர் 2 அன்று. மாரிஸ் புழு என்று பெயர் பெற்ற நிரல் இணையத்தில் பரவியதற்கான வழிகளில் ஒன்று, ஃபிங்கர் சேவையில் இருந்த 512 பைட் பஃபருக்குள் 536 பைட்டைத் திணித்தது. அங்கே குற்றவாளி எஸ்பிரிண்ட்எஃப் அல்ல, அதன் உடன்பிறப்பான கெட்ஸ். அதுவும் எழுத வேண்டிய இடத்தின் அளவைக் கேட்காத ஃபங்ஷன்தான். அந்தக் கெட்ஸை சி மொழியின் தரநிலையிலிருந்து நீக்க 2011 வரை ஆனது.

இங்கே ஒரு கிளைக்கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லரும் மாணவர்களும் யூனிக்ஸ் நிரல்களுக்குள் தாறுமாறான எழுத்துகளைக் கொட்டி, எது உடைகிறது என்று பார்த்தார்கள். ஃபஸ் சோதனை என்ற துறையே அங்கிருந்துதான் பிறந்தது. 1990-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் சி-ஷெல் உடைந்த விதம் விளக்கப்பட்டிருக்கிறது. பழைய கட்டளையை மறுபடி அழைக்க ஆச்சரியக்குறி போட்டு ஏதோ தட்டினால், அப்படி ஒன்று இல்லாதபோது, ஷெல் நாம் தட்டியதையே சேர்த்து ‘இது இல்லை’ என்று ஒரு பிழைச் செய்தி தயாரிக்கும். அந்தச் செய்தியை அச்சடிக்கும் இடத்தில், அதையே பிரிண்ட்எஃப்புக்கு ஃபார்மட்டாகக் கொடுத்துவிட்டார்கள். நாம் தட்டியதில் ஒரு சதவீதக்குறி இருந்துவிட்டால், பிரிண்ட்எஃப் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, யாரும் கொடுக்காத எண்ணைத் தேடிப் போகும். 1990-இல் இது அச்சில் வந்துவிட்டது. ஆனால் இதே வகை ஓட்டை வழியாக ஒரு கணினியையே கைப்பற்ற முடியும் என்பது பரவலாக உறைத்தது 2000-இல், டபிள்யூயூ-எஃப்டிபிடி என்ற கோப்புப் பரிமாற்ற நிரல் அப்படி வீழ்ந்தபோது. கண்ணெதிரே அச்சில் கிடந்த ஓர் அபாயம் பத்து ஆண்டுகள் வெறும் ‘கிராஷ்’ கணக்கில் கிடந்தது.

சரி, எஸ்என்பிரிண்ட்எஃப்புக்கு வருவோம். பெயருக்கு நடுவில் ஓர் ‘என்’ எழுத்து, வாங்கிக்கொள்ளும் விவரங்களில் கூடுதலாக ஓர் எண். ‘இந்த இடத்தில் எழுது, ஆனால் இத்தனை பைட்டுக்கு மேல் போகாதே.’ 1990-களின் தொடக்கத்தில் பெர்க்லியின் பிஎஸ்டி யூனிக்ஸில் இது கிடைத்தது. மற்ற இடங்களில் கிடைக்கவில்லை. ஆகவே 1995-இல் பேட்ரிக் பவல் எழுதிய ஒரு பிரதி மட், சாம்பா போன்ற நிரல்களுக்குள் போய்ச் சேர்ந்தது. அப்பாச்சி தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டது. எல்லோரும் ஒன்றில் உடன்பட்டார்கள்: இடம் போதாவிட்டால் வெட்டிவிட வேண்டும். வெட்டிய பிறகு அழைத்தவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதில்தான் ஆளுக்கொரு திசை.

இந்த இடத்தைப் பலர் சிறு விவரம் என்று தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் முழுக்கதை. குனு சி லைப்ரரி 2.0.6 வரை, வெட்டு விழுந்தால் கழித்தல் 1-ஐத் திருப்பித் தந்தது. மைக்ரோசாஃப்ட் முன்னால் ஓர் அடிக்கோடு போட்டுத் தந்த வடிவமும் எதிர்ம எண்ணையே தந்தது. அதோடு, வெட்டிய ஸ்ட்ரிங்கின் முடிவில் பூஜ்ய பைட்டை வைக்காமலும் விட்டது. அப்படி முடிவில்லாத ஸ்ட்ரிங்கை அடுத்து யார் படித்தாலும் பக்கத்து மெமரிக்குள் போய்விடுவார்கள். 1997-இன் யூனிக்ஸ் விவரக்குறிப்பு, அளவு பூஜ்யம் என்றால் 1-க்குக் குறைவான ஏதோ ஓர் எண் வரும் என்று மட்டும் சொன்னது. 1999-இன் சி தரநிலை வந்துதான் ஒரு முடிவு எடுத்தது: வெட்டு விழுந்தாலும் விழாவிட்டாலும், இடம் போதுமான அளவு இருந்திருந்தால் எத்தனை பைட் எழுதியிருப்பேனோ அந்த எண்ணைத் திருப்பித் தருவேன். குனு 2.1-இலிருந்து அதற்கு மாறியது. மைக்ரோசாஃப்டிடமிருந்து தரநிலைப்படியான எஸ்என்பிரிண்ட்எஃப் வர 2015 ஆனது. ஆக ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள், ஒரே வேலைக்கான ஃபங்ஷன் ஒவ்வொரு கணினியில் ஒவ்வொரு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பதிலை நம்பி எழுதிய நிரலாளரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

‘எழுதியிருப்பேன்’ என்ற அந்த எண்ணை நிரலாளர் பெரும்பாலும் ‘எழுதினேன்’ என்று படிக்கிறார். படிப்பதற்கு நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் பழைய எஸ்பிரிண்ட்எஃப் தரும் எண்ணுக்கு அதுதான் பொருள். ஒரு நீண்ட செய்தியைத் துண்டுதுண்டாகக் கோக்கும் வழக்கமான வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: இதுவரை எழுதிய நீளத்தை வைத்துக்கொண்டு, மொத்த இடத்தில் அதைக் கழித்து, மீதியை எஸ்என்பிரிண்ட்எஃப்பிடம் கொடுத்து, அது தரும் எண்ணை நீளத்தோடு கூட்டுவது. பஃபர் 100 பைட். இதுவரை 90. அடுத்த துண்டு 30 பைட். ஃபங்ஷன் ஒழுங்காக வெட்டிவிட்டு 30 என்று பதில் தருகிறது. நீளம் இப்போது 120. அடுத்த துண்டுக்கு மீதி இடம் எவ்வளவு? 100-இலிருந்து 120 போனால் கழித்தல் 20. ஆனால் அளவைக் குறிக்கும் எண்வகைக்குக் கழித்தல்குறி கிடையாது. 64 பிட் கணினியில் அந்தக் கழித்தல் 20, 18446744073709551596 என்று ஆகிவிடும். உலகத்து மெமரி எல்லாம் தன் கையில் இருப்பதாக ஃபங்ஷன் நம்பும். பஃபரின் முடிவிலிருந்து இருபது பைட் தள்ளி எழுதத் தொடங்கும். லினக்ஸ் கர்னலில் இதற்காகவே, உண்மையில் எழுதிய எண்ணைத் தரும் எஸ்சிஎன்பிரிண்ட்எஃப் என்று தனியாக ஒன்று உண்டு. நம்ப முடியாத அளவு பெரிய எண் வந்தால் எச்சரித்துவிட்டு எழுத மறுக்கும் ஏற்பாடும் அங்கே இருக்கிறது. பாதுகாப்பான ஃபங்ஷனுக்கு ஒரு பாதுகாவலர் தேவைப்பட்டிருக்கிறார்.

இப்போது 2024. பல நிரல்கள் தங்கள் குறிப்புகளைக் கணினியின் பதிவேட்டில் எழுத சிஸ்லாக் என்ற ஃபங்ஷனை அழைக்கும். அது முதலில் ஒரு தலைப்புப் பகுதியைத் தயாரிக்கும்: நேரம், நிரலின் பெயர் இவையெல்லாம் அதில் வரும். பிறகு செய்தி. குனு சி லைப்ரரியில் இதற்கு 1024 பைட் பஃபர் ஒன்று உண்டு. அதற்குள் அடங்கினால் அப்படியே அனுப்பலாம், அடங்காவிட்டால் ஹீப் என்ற மெமரிப் பகுதியில் தேவையான அளவுக்கு இடம் வாங்கி மறுபடி எழுத வேண்டும். எஸ்என்பிரிண்ட்எஃப் ‘எவ்வளவு தேவை’ என்று சொல்வதே இந்த இரண்டு கட்ட முறைக்காகத்தான். 2022 ஆகஸ்டில், நீளமான செய்திகளில் இருந்த வேறொரு சிறிய ஓட்டையை அடைக்க இந்தப் பகுதி திருத்தப்பட்டது. திருத்தத்தில், தலைப்புப் பகுதி 1024-க்குள் அடங்கினால் மொத்தத் தேவையைக் கணக்கிடும் வரிகள் இருந்தன. தலைப்பு மட்டுமே 1024-ஐத் தாண்டினால் என்ன செய்வது என்ற கிளையில் அந்தக் கணக்கு விடுபட்டுப்போனது. தேவை பூஜ்யமாகவே நின்றது. முடிவுப் பைட்டுக்கு ஒன்று கூட்டி, ஒரே ஒரு பைட் இடம் வாங்கப்பட்டது. அடுத்த வரியில் அந்த ஒரு பைட் இடத்தில் எழுதச் சொல்லி எஸ்என்பிரிண்ட்எஃப் அழைக்கப்பட்டது. அளவாக, முதல் முறை அது தந்த ஆயிரத்துச் சொச்சமே கொடுக்கப்பட்டது. அது எழுதியது. தனக்குச் சொன்ன எல்லையை ஒரு பைட்கூட மீறவில்லை.

நிரலின் பெயர் ஆயிரம் பைட்டுக்கு மேல் எப்படி வரும் என்று கேட்கலாம். வேறு பெயர் கொடுக்கப்படாதபோது, நிரலை எந்தப் பெயரில் அழைத்தார்களோ அதுதான் அங்கே வரும். அந்தப் பெயரை அழைப்பவர் விருப்பம்போல் வைக்கலாம். குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சாதாரணப் பயனர் ஒருவர் எஸ்யூ என்ற நிரலை இப்படி நீளமான பெயரில் அழைத்து, ஃபெடோரா 38-இல் முழு ரூட் அதிகாரத்தைப் பெற முடியும் என்று செய்துகாட்டினார்கள். டெபியன் 12-உம் உபுண்டு 23.04, 23.10 பதிப்புகளும்கூட ஓட்டை இருந்த வரிசையில் சேர்ந்தன. ஒன்றை நினைத்துப் பாருங்கள். இந்தத் தவறு எங்கோ அவசரத்தில் எழுதிய நிரலில் நடக்கவில்லை. எஸ்என்பிரிண்ட்எஃப்பையே எழுதிப் பராமரிக்கும் லைப்ரரியின் உள்ளே, அந்த எண்ணின் பொருளை உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர்களின் கையில், ஓர் ஓட்டையை அடைக்கும் நல்ல நோக்கத்தில் நடந்தது.

‘கையேட்டில் தெளிவாகத்தானே எழுதியிருக்கிறது, திருப்பித் தரும் எண்ணைச் சோதிக்காதது யார் தவறு?’ என்ற மறுப்பு இங்கே வரும். சிஸ்லாக்கில் சோதித்தார்கள். 1024-ஐவிடக் குறைவா என்று கேட்ட வரி அங்கே இருந்தது. பஃபர் ஓரிடம், அதன் அளவு வேறிடம், தேவை இன்னோரிடம் என்று மூன்று தனித்தனிப் பொருள்களை ஒவ்வொரு கிளையிலும் கையால் ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது, ஒரு கிளையில் சேரவில்லை. ‘கம்பைலர் எச்சரிக்குமே’ என்றால், 2017-இன் ஜிசிசி 7-இலிருந்து வெட்டு விழக்கூடிய இடங்களை எச்சரிக்கும் வசதி இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் நாளை யாரோ வைக்கப்போகும் நிரல் பெயரின் நீளத்தை இன்று கம்பைலர் எப்படி அறியும்? இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: 1999 தரநிலையின் தேர்வு சரியானது, தேவையான அளவு தெரிந்தால்தானே போதுமான இடம் வாங்க முடியும் என்பது. ஒப்புக்கொள்கிறேன், கழித்தல் 1-ஐவிட அது பல மடங்கு பயனுள்ள பதில். ஆனால் வெட்டு விழுந்த இடத்தில் கேள்விகள் இரண்டு: எவ்வளவு எழுதினாய், எவ்வளவு தேவை? இரண்டுக்குமாக ஒரே எண் திரும்பி வருகிறது. சி++20 தரநிலையின் ஃபார்மட்-டு-என், எழுதி நின்ற இடத்தையும் மொத்தத் தேவையையும் தனித்தனியாகச் சேர்த்தே தருகிறது. அதிலும் இடத்தின் அளவை நாம்தான் கொடுக்க வேண்டும் என்ற குறை நிற்கிறது. ரஸ்ட் மொழியில் அந்தக் குறையும் இல்லை. அங்கே ஸ்லைஸ் என்பது முகவரியையும் நீளத்தையும் பிரிக்காமல் சுமக்கும் ஒரே பொருள். இடம் போதாவிட்டால் எழுதும் செயல் பிழையைத் திருப்பித் தருகிறது, அந்தப் பிழையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்கிறது.

‘அதெல்லாம் இன்றைய அறிவு, பழைய சி-க்கு எப்படித் தெரியும்?’ என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990-இல், சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே, அரேயின் அளவை பாயிண்டரே தன்னோடு சுமந்து செல்லும் ஓர் அமைப்பை முன்மொழிந்து கட்டுரை எழுதினார். அந்த வழியில் போயிருந்தால், பஃபரைக் கொடுக்கும்போதே அளவும் கூடப் போயிருக்கும். தரநிலைக் குழு 1999-இல் வேறு வகை மாறும்-நீள அரேக்களைத் தேர்ந்தெடுத்தது. ஃபங்ஷனுக்குள் போனதும் அளவை இழந்துவிடும் பழைய பாயிண்டர் அப்படியே நின்றது. அது வழக்கமான ஒரு குழு முடிவு, அதில் சதி எதுவும் இல்லை. ஆனாலும் மொழியைப் படைத்தவரே கைநீட்டிக் காட்டிய கதவை மூடிவிட்டு, பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாக ‘நிரலாளர் கவனமாக இருக்க வேண்டும்’ என்று சொல்லிவருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வெட்டுவது பாதுகாப்பு என்ற எண்ணத்தையும் ஒருமுறை உரசிப் பார்க்கலாம். நம் மொழியை வைத்தே பார்ப்போம். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், ஆக 15 பைட். எஸ்என்பிரிண்ட்எஃப் எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. 8 பைட் பஃபர் கொடுத்தால், ‘தம’ போக, இகரக் குறியின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது எந்த எழுத்தும் இல்லை, திரையில் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ தெரியும். 10 கொடுத்தால் ‘தமி’. 13 கொடுத்தால் எந்தக் குறியீடும் உடையாது, சோதிக்கும் கருவி எதுவும் குறை சொல்லாது. ஆனால் புள்ளி போய், ‘தமிழ’ என்று நிற்கும். ஒருவரின் பெயரிலோ ஊரிலோ இப்படி ஒரு புள்ளி போனால், அந்தத் தரவுத்தளத்தில் அவர் வேறொருவர். மூன்று முறையும் எல்லை மீறப்படவில்லை, மூன்று முறையும் ஃபங்ஷன் 15 என்ற ஒரே எண்ணைத்தான் திருப்பித் தருகிறது. நடைமுறையில் பல நிரல்களில் அந்த 15-ஐ வாங்கிவைக்க ஒரு மாறிகூட எழுதப்பட்டிருப்பதில்லை.